டெல்டாவுக்கு மண் எங்கிருந்து வரும்?

உலகின் பெரிய டெல்டாக்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது. நைல், மிசிசிப்பி, மஞ்சளாறு என்று வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு மழையிலும் பாறையிலும் பிறந்த ஆறுகள் இவை. ஆனால் கடலோரத்தில் நிலம் கட்ட அவை தொடங்கிய காலம் கிட்டத்தட்ட ஒன்று. டேனியல் ஸ்டான்லி, ஆண்ட்ரூ வார்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 36 டெல்டாக்களின் அடிமண் காலக்கணிப்புகளைத் தொகுத்து, 1994இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எடுத்துக்காட்டினார்கள். பெரும்பாலானவை இன்றைக்கு 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவை.

அதற்கு முன்பு கடல் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை அப்போது வெறும் தரை. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். ஆறுகள் இன்றைய கரையைத் தாண்டி, கண்டத்திட்டின் மீது ஆழமாகப் பள்ளம் அறுத்துக்கொண்டு ஓடின. பிறகு பனிப்பாறைகள் உருகத் தொடங்கியதும் கடல் ஏறியது. அந்த ஏற்றமும் சீராக இல்லை. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் ஒருசில நூற்றாண்டுகளுக்குள்ளேயே 15 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. கரை இப்படிப் பின்வாங்கிக்கொண்டே இருக்கும்போது எந்த ஆற்றாலும் ஓரிடத்தில் நின்று நிலம் கட்ட முடியாது. இந்த நூற்றாண்டில் போட்ட வண்டல் அடுத்த நூற்றாண்டில் கடலடியில் கிடக்கும். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஏற்றத்தின் வேகம் தணிந்தது. அதன் பிறகுதான் ஆறு கொண்டுவரும் மண் கடலை முந்தியது, டெல்டாக்கள் பிறந்தன.

டெல்டாவின் பிறப்புக்குக் கடல் மட்டமே காரணம் என்று பாடநூல்கள் சொல்வது இதனால்தான். இன்றைய பேச்சும் அதே தடத்தில் போகிறது. டெல்டாவின் எதிர்காலம் என்று யாராவது எழுதினால், கடல் எத்தனை சென்டிமீட்டர் உயரும் என்பதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. இது பாதி உண்மை. கடல் மட்டம், நிலத்தின் அசைவு, ஆறு கொண்டுவரும் வண்டல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் டெல்டாவின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. அவற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது வண்டல். மனிதன் கைக்கு உடனே எட்டுவதும் அதுதான். அதற்கான சான்று வங்கத்தில் இருக்கிறது.

கங்கை–பிரம்மபுத்திரா டெல்டா ஸ்டான்லியும் வார்னும் கண்ட பொது விதியை மீறுகிறது. ஸ்டீவன் குட்பிரெட், ஸ்டீவன் குயெல் இருவரும் வங்கதேசத்தில் ஆழத் துளையிட்டு எடுத்த மண்ணைக் காலக்கணிப்பு செய்தபோது, அந்த டெல்டா சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே வளரத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அப்போது கடல் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏறிக்கொண்டிருந்தது. அதாவது இன்றைய வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மற்ற ஆறுகளெல்லாம் தோற்றுப் பின்வாங்கிய காலத்தில் இந்த ஒன்று மட்டும் எப்படி நின்றது? விடை இமயத்தில் இருக்கிறது. பனியூழி முடிந்ததும் தென்மேற்குப் பருவமழை வலுத்தது. தளர்ந்து கிடந்த மலைச்சரிவுகள் கரைந்து இறங்கின. 11,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை இவ்விரு ஆறுகளும் இன்று சுமப்பதைப் போலக் குறைந்தது 2.3 மடங்கு மண்ணைச் சுமந்து வந்தன என்பது அவர்கள் போட்ட கணக்கு. கடல் ஏற ஏற நிலமும் கூடவே ஏறியது. போதிய மண் இருந்தால், வேகமாக உயரும் கடலையும் ஒரு டெல்டாவால் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்றும் அந்த ஆறுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண் கொண்டுவருகின்றன. அதில் தரையில் தங்குவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு பங்கு கரைக்கு அப்பால் கடலுக்கடியில் வளரும் டெல்டாவில் சேர்கிறது. மிச்சம், வங்கதேசக் கரைக்கு எதிரே கடலடியில் அறுந்து கிடக்கும் பெரும் பள்ளத்தின் வழியாக ஆழ்கடலுக்கு இறங்கி, வங்காள விரிகுடாவின் அடியில் சுமார் 3,000 கிலோமீட்டர் தூரம் பரவிக் கிடக்கிறது. 2015இல் பன்னாட்டு ஆழ்கடல் துளையிடும் குழு ஒன்று இந்தப் படிவை 8 பாகை வட அட்சரேகையில் துளையிட்டது. அது திருகோணமலை, மட்டக்களப்பு அட்சரேகை. இலங்கைக்குக் கிழக்கே, சுமார் 3,600 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது இமயத்தின் மண்.

மண் நிறைய வந்தால் மட்டும் போதாது. அது எந்தப் பக்கம் போகிறது என்பதும் முக்கியம். அதைத் தீர்மானிப்பதில் நிலத்தின் அசைவுக்குப் பெரிய பங்கு உண்டு.

வங்க டெல்டாவின் வடகிழக்கு மூலையில் சில்ஹெட் தாழ்நிலம் இருக்கிறது. அதற்கு வடக்கே ஷில்லாங் மேட்டுநிலம் எழுந்துகொண்டிருக்க, சில்ஹெட் அமுங்கிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே ஊர்கள் தீவுகளாகிவிடும். கடந்த 10,000 ஆண்டுகளில் பிரம்மபுத்திரா பலமுறை தடம் மாறி இந்தப் பள்ளத்துக்குள் நுழைந்திருக்கிறது. நுழைந்த காலத்திலெல்லாம் அதன் மண் உள்நாட்டிலேயே படிந்து, கடலோரத்துக்குக் குறைவாகவே போய்ச் சேர்ந்திருக்கும். ஜேம்ஸ் ரென்னல் 18ஆம் நூற்றாண்டில் அளந்து வரைந்த வங்காள வரைபடத்தில் பிரம்மபுத்திரா மதுபூர் மேட்டுக்குக் கிழக்கே, மைமன்சிங் ஊரை ஒட்டி ஓடுகிறது. இன்று அதன் பெருவெள்ளம் மேற்கே, யமுனா என்ற பெயரில் போகிறது. அடுத்த நூற்றாண்டின் முற்பகுதிக்குள் அந்த மாற்றம் நடந்து முடிந்துவிட்டது. மதுபூர் மேட்டின் மெல்லிய எழுச்சி, 1762 நிலநடுக்கம், 1787இல் தீஸ்தாவில் வந்த வெள்ளம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. என் பார்வையில் இவை ஒன்றுக்கொன்று போட்டியானவை அல்ல. ஆற்றின் படுகை வண்டலால் மேடேறி, தடம் மாறும் நிலைக்கு ஏற்கெனவே வந்திருந்தால், கடைசித் தள்ளு எதுவாகவும் இருக்கலாம்.

நிலநடுக்கம் ஒன்றே தனியாக ஒரு பேராற்றைத் தள்ளிவைத்ததற்கான தடயம் அண்மையில் கிடைத்திருக்கிறது. டாக்காவுக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில், கங்கையின் கைவிடப்பட்ட பழைய தடம் ஒன்று சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கிறது. இப்போது அது நெல்வயல். அதற்கு அருகில் புதிதாகக் குளம் வெட்டிய ஒரு குழியின் சுவரில் எலிசபெத் சேம்பர்லினும் உடன் சென்றவர்களும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். கிடைமட்டமாகப் படிந்த கரிய சேற்று அடுக்குகளைச் செங்குத்தாகக் கிழித்துக்கொண்டு, வெளிர் மணல் பட்டைகள் மேலேறி நின்றன. ஒவ்வொன்றும் 30, 40 சென்டிமீட்டர் அகலம். மூன்று நான்கு மீட்டர் சேற்றைத் துளைத்திருந்தன. பலமாக நிலம் குலுங்கும்போது, அடியிலிருக்கும் ஈரமணல் நீர்போல இளகி, மேலே மூடியிருக்கும் சேற்றைக் கிழித்துப் பீறிடும். அந்தக் கணம் அப்படியே உறைந்து சுவரில் நின்றிருக்கிறது. மணலும் சேறும் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தன என்று கணித்தபோது, நடுக்கமும் தடம் மாற்றமும் ஒரே காலத்தில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், நடந்தவை என்று தெரிந்தது. 2024இல் இது ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தது. கங்கை ஒரேயடியாகத் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது. 14 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் ஒரு சமவெளியில் அது இன்று நடந்தால் என்னவாகும் என்பதை நினைத்துப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது.

சிந்துவின் டெல்டாவில் இப்படியொன்று நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே இருந்தார்கள். 1819 ஜூன் 16 அன்று கட்ச் பகுதி குலுங்கியபோது, தட்டையான உவர் நிலத்தில் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேடு எழுந்தது. சிந்துவின் கிழக்குக் கிளையை அது குறுக்கே மறித்துவிட்டது. மனிதர்கள் கட்டாத அந்த அணைக்கு மக்கள் ‘அல்லா பந்த்’, அதாவது இறைவன் போட்ட கரை, என்று பெயர் வைத்தார்கள். அதற்குத் தெற்கே நிலம் அமிழ்ந்து கடல்நீர் புகுந்தது; சிந்திரி என்ற கோட்டை நீருக்குள் போயிற்று. 1826இல் பெருவெள்ளம் வந்து அந்த மேட்டை உடைத்துக்கொண்டு ஓடியது. சார்லஸ் லயல் தன் நிலவியல் நூலில் சிந்திரியின் கதையை விரிவாக எழுதியதால், டெல்டா என்பது அசையாத தரை அல்ல என்பதற்கு அது உலகறிந்த எடுத்துக்காட்டாயிற்று.

நடுக்கம் நிலத்தை மட்டும் அசைப்பதில்லை, மண்ணையும் அனுப்பிவைக்கிறது. 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாம்–திபெத் எல்லையில் 8.6 அளவில் நேர்ந்த நிலநடுக்கத்தில் சரிந்த மலைமண் சுமார் 4,500 கோடி கன மீட்டர் என்று மதிப்பிடப்பட்டது. அதில் மெல்லிய சேறு விரைவிலேயே கடலோரம் போய்ச் சேர்ந்தது. கனமான மணல் ஆற்றுப்படுகை வழியே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. அது கடந்த இடங்களிலெல்லாம் பிரம்மபுத்திராவின் படுகை உயர்ந்து, ஆறு அகன்று, கரைகளைத் தின்றது.

நிலநடுக்கம் இல்லாத இடங்களிலும் தரை இறங்கத்தான் செய்கிறது. புதுச்சேறு தன் எடையாலேயே அமுங்கும். சுந்தரவனத்தை ஒட்டிய கடலோரத்தில் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் உப்புக் காய்ச்சிய சூளைகள் இன்று கடலேற்ற மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே கிடக்கின்றன. உப்புக் காய்ச்சுகிறவர்கள் சூளையை நீர் புகாத உயரத்தில்தான் கட்டியிருப்பார்கள். 2013இல் வெளிவந்த ஆய்வு, கடல் ஏறிய அளவைக் கழித்துவிட்டு, அங்கே நிலம் ஆண்டுக்குச் சுமார் நான்கு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று கணக்கிட்டது. 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் உயர்ந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். அதாவது அங்கு வாழ்கிறவருக்குக் கடல் ஏறுவதும் நிலம் இறங்குவதும் ஏறக்குறைய சரிசமம்.

இனி காவிரி. இதன் டெல்டா நிற்கும் நிலம், கோண்டுவானாக் கண்டம் உடைந்தபோது விரிந்த ஒரு பிளவுப் படுகை. கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று நாம் வயல்களாகப் பார்க்கும் இடங்களுக்கு அடியில் பாறை மேடுகளும், அவற்றுக்கு இடையே ஆழ்ந்த பள்ளங்களும் ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கின்றன. அந்தப் பள்ளங்களில் சேர்ந்த பழைய படிவுகளிலிருந்துதான் நரிமணத்தில் எண்ணெய் எடுக்கப்படுகிறது. வங்கத்தைப் போல இங்கே நில அசைவு ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே கரையை வடிவமைப்பது பெரும்பாலும் அலைதான். ஆறு, அலை, ஏற்றவற்றம் ஆகிய மூன்றில் எது ஓங்குகிறதோ அதற்கேற்ப டெல்டாவின் உருவம் அமையும் என்று வில்லியம் காலோவே 1975இல் வகுத்தார். விரல்விரலாகக் கடலுக்குள் நீளும் மிசிசிப்பி ஆற்றின் கைவேலை. கழிகளாகக் கிழிந்து கிடக்கும் சுந்தரவனம் ஏற்றவற்றத்தின் வேலை. நேர்கோடாகக் கிடக்கும் நாகப்பட்டினக் கரை அலையின் வேலை. கோடியக்கரையில் கரை திடீரென்று மேற்கே திரும்புகிறது. அதை ஒட்டி வேதாரண்யத்தில் வரிசை வரிசையாக நிற்கும் மணல்மேடுகள் கடல் விட்டுச்சென்ற பழைய கரைகள்.

காவிரியின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது முக்கொம்புதான். அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடம் சரிவு கூடியது. கடலுக்கு நேராக ஓடுவது. தெற்கே போகும் காவிரி சரிவு குறைந்தது. கொண்டுவந்த மணலைத் தன் படுகையிலேயே போட்டு மேடேற்றிக்கொள்வது. எந்த டெல்டாவிலும் இப்படியொரு நிலை வந்தால் ஆறு நாளடைவில் சரிவான வழிக்கே மாறிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது: காவிரி தலைப்பு மண்மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்தில் போய்க்கொண்டிருந்தது, தஞ்சை வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி அந்த மாற்றத்தைத் தடுத்தார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, திருவரங்கத் தீவின் கிழக்கு முனையில், காவிரி நீர் கொள்ளிடத்துக்கு வழிந்தோடும் இடத்தில் கல்லணை அதே காவலைச் செய்துவந்தது.

அமெரிக்காவில் இதே சிக்கல் வந்தது இருபதாம் நூற்றாண்டில். மிசிசிப்பி, தன்னைவிடக் குறுகிய வழியில் கடலை அடையும் அச்சாஃபலாயாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1963இல் மதகுகள் கட்டி, 30 விழுக்காடு நீர் மட்டும் அந்தப் பக்கம் போகும்படி நிறுத்தினார்கள். தடம் மாறுவது மிசிசிப்பிக்குப் புதிதல்ல. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அது வாய் மாறியதால்தான் லூசியானாவின் கடற்கரைச் சதுப்புகள் முழுவதும் உருவாயின. ஓரிடத்தில் நிலம் வளரும். விட்டுப்போன இடம் அமிழும். நிறுத்திவைத்த பிறகு அமிழ்வது மட்டும் தொடர்கிறது. 1932 முதல் அந்த மாநிலம் சுமார் 4,900 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்திருக்கிறது. மேல்நிலை அணைகளால் ஆறு சுமக்கும் மண்ணும் பாதிக்குக் கீழே போய்விட்டது. இனி கடல் உயரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இருக்கும் மண் முழுவதும் போதாது என்று மைக்கேல் பிளம், ஹாரி ராபர்ட்ஸ் இருவரும் 2009இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

நைலின் கதை இதைவிடச் சுருக்கமானது. அஸ்வான் உயரணைக்கு முன்பு ஆண்டுக்குப் 10 கோடி டன்னுக்கும் மேல் வந்த மண், அதற்குப் பின் ஏறக்குறைய முழுவதும் நின்றுபோனது. ரொசெட்டா முனையில் கடல் கிலோமீட்டர் கணக்கில் நிலத்தைத் தின்றது. இத்தாலியின் போ டெல்டாவில் கேடு அடியிலிருந்து வந்தது: 1938 முதல் 1961 வரை மீத்தேன் கலந்த நிலத்தடி நீரை இறைத்தார்கள், சில இடங்களில் தரை மூன்று மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. இன்று வியட்நாமின் மீகாங் டெல்டாவில் ஆழ்குழாய்க் கிணறுகள் அதே வேலையைச் செய்கின்றன. அந்த டெல்டாவின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 80 சென்டிமீட்டர்தான் என்று 2019இல் தெரியவந்தது. காவிரி டெல்டாவில் மீத்தேன் எடுப்பதற்கு எதிராக எழுந்த போராட்டங்கள் பாசனத்தையும் நிலத்தடி நீரையும் முன்வைத்தன, நியாயமே. தரையின் உயரத்தையும் சேர்த்துப் பேசுவதற்குப் போவின் அனுபவம் வலுவான காரணம் தருகிறது.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் சொல்லவேண்டும். யாப் நீன்ஹைஸ் தலைமையிலான குழு உலகின் சுமார் 11,000 டெல்டாக்களைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து, 1985 முதல் 2015 வரை அவை மொத்தத்தில் ஆண்டுக்கு 54 சதுர கிலோமீட்டர் வளர்ந்திருக்கின்றன என்று 2020இல் அறிவித்தது. காடழிப்பால் மலைமண் கூடுதலாக இறங்கியது அதற்கு ஒரு காரணம். அணை கட்டினால் டெல்டா தேய்கிறது, காட்டை வெட்டினால் டெல்டா வளர்கிறது. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வண்டல் கூடினால் நிலம் கூடும் என்ற அடிப்படையை இது உறுதிசெய்கிறது.

மண் வந்தும் நிலம் ஏறாத இடங்கள் உண்டு. வங்கதேசத்தில் 1960களில் உப்புநீரைத் தடுக்கக் கடலோரத் தீவுகளைச் சுற்றிக் கரை போட்டார்கள். அவற்றை ‘போல்டர்’ என்கிறார்கள். நெல் விளைந்தது, ஆனால் ஏற்றவற்றத்தோடு உள்ளே வந்து படிந்த சேறும் நின்றது. 32ஆம் எண் போல்டரின் தரை, பக்கத்திலிருக்கும் கரையில்லாத சுந்தரவனத்தைவிட ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தாழ்ந்துவிட்டது. 2009 மே மாதம் அய்லா புயல் கரையை உடைத்தபோது அந்தப் பள்ளம் நிரம்பி, ஊர் இரண்டு ஆண்டுகள் ஏற்றவற்ற நீரில் கிடந்தது. அந்தத் துயரத்தினூடே உடைப்பின் வழியாக வந்த வண்டல் பல பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் படிந்தது. பல பத்தாண்டுகளில் சேரவேண்டியது இரண்டே ஆண்டுகளில் சேர்ந்தது.

இதை அங்கே உழவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். கரைகளுக்கு வெளியே ஆறுகள் தூர்ந்து, உள்ளே வயல்களில் தண்ணீர் வடியாமல் நின்றபோது, 1997இல் பில் பாய்னா என்ற தாழ்நிலத்தில் மக்களே கரையை வெட்டிவிட்டார்கள். ஏற்றத்தில் சேற்றுநீர் உள்ளே வந்தது. வற்றத்தில் தெளிந்த நீர் வேகமாக வெளியேறி ஆற்றையும் தூர்வாரியது. நான்கு ஆண்டுகளில் வயல் மேடாகி, சாகுபடிக்கு வந்தது. அரசு பிறகு இந்த வழியை ஏற்று மற்ற இடங்களிலும் கைக்கொண்டது. ஆனால் சேறு படியும் ஆண்டுகளில் அந்த நிலத்துக்காரருக்கு விளைச்சல் இல்லை. அவருடைய இழப்பை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ளாவிட்டால் இது நீடிக்காது. லூசியானாவிலும் மிசிசிப்பியின் மண்ணைச் சதுப்புக்குத் திருப்பும் பெருந்திட்டம் ஒன்று 2023இல் தொடங்கி, செலவும் மீனவர் எதிர்ப்பும் கூடியதால் 2025இல் கைவிடப்பட்டது. மண்ணைத் திருப்புவது பொறியியல் வேலை. அதன் சுமை யார் தலையில் விழும் என்பதைத் தீர்ப்பதுதான் கடினம்.

காவிரியில் நாம் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. கிருஷ்ணராஜ சாகரும் 1934இல் திறக்கப்பட்ட மேட்டூரும் மற்ற அணைகளும் பல பத்தாண்டுகளாக வண்டலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அணைக்குக் கீழே எஞ்சிய மணலையும் லாரிகள் அள்ளிவிட்டன. பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்கிறவர்களுக்கு, இந்த வாய்க்கால் அகல நீரா ஒரு டெல்டாவைக் கட்டியது என்று தோன்றும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது, பிலிகுண்டுலுவில் அதை அளக்கிறோம். அந்தப் பங்கீட்டில் வண்டலுக்கு ஒரு வரிகூட இல்லை. 2017இல் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வண்டல் எடுத்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் பணி தொடங்கியபோது, அது அணையின் கொள்ளளவைக் கூட்டும் வேலையாகவும் சுற்றுவட்டார வயல்களுக்கு உரமாகவுமே பேசப்பட்டது. கடைமடையின் தரை கடல் மட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு இறங்குகிறது, ஆறு எவ்வளவு மண் கொண்டுவந்து சேர்க்கிறது என்ற மூன்று எண்களையும் டி.எம்.சி. கணக்கோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட நாகப்பட்டினம், திருவாரூர் விவசாயிகள் கேட்கவேண்டும், நாமும் கேட்கவேண்டும்.